குரல் நின்றால் கை நிற்கும்

சிராங்கூன்
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒருவர் தன் இரண்டு கண்களையும் ஒரு பெட்டிக்குள் பதித்துக்கொண்டு, கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு வேலையைச் செய்கிறார். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அங்கே நிற்பவர் அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எவ்வளவு சொல்ல வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. பட்டம், அதற்கு மேல் ஒரு பட்டம், அறுவைச் சிகிச்சை அறையில் தாதியாக இருபத்தைந்து வருடம், எதுவும் உதவவில்லை. உங்களிடம் இருக்கும் என்று தோன்றியது.

என் தொலைபேசி எண்ணை நீங்கள் அடைத்து வைத்திருப்பதாகத் தேக்கா சந்தையில் பார்த்தபோது அண்ணி சொன்னார். கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடி, தவறு தன்னுடையது போலச் சொன்னார். அதனால்தான் கடிதம். உங்கள் கிளமெண்டி அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே இருக்கும் தபால்பெட்டியில் ஆள் பார்த்து அடைக்கும் வசதி இன்னும் வரவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் மருத்துவமனையில் பித்தப்பையை ரோபோ கொண்டு எடுக்கத் தொடங்குகிறார்கள். ரோபோ என்றதும் மனிதன் போல நடந்து வருவதாக நினைக்க வேண்டாம். நான்கு கைகள் வைத்த ஒரு தூண். நோயாளியின் வயிற்றில் சிறு துளைகள் போட்டு அந்தக் கைகளை உள்ளே விடுவோம். மருத்துவர் அறையின் மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து உட்கார்ந்திருப்பார். அங்கே அவர் விரலை அசைத்தால் இங்கே வயிற்றுக்குள் கருவி அசையும். அவர் கண்ணுக்கு உள்ளே இருப்பது மட்டும் பெரிதாக, தெளிவாகத் தெரியும். வெளியே எதுவும் தெரியாது. முதலில் இருபது பேருக்குச் செய்து பார்த்துவிட்டு, தொடர்வதா வேண்டாமா என்று ஒரு குழு முடிவு செய்யும்.

வேண்டாம் என்று நான் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். சாதாரணத் துளைவழி அறுவை நன்றாகத்தான் நடக்கிறது. காலையில் படுத்தவர் மறுநாள் வீட்டுக்குப் போய்விடுகிறார். விலை அதிகமான பொருளை வாங்கி வைத்துவிட்டு அதற்கு வேலை தேடுவது பெரிய இடங்களின் வழக்கம் என்றும் எழுதினேன். இதற்குப் பொறுப்பான மருத்துவர் டாக்டர் அனம், என்னைவிட ஏழு வயது இளையவர். தமிழ் தெரியாது, அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் எழுதுகிறேன். வாசித்துவிட்டு, "சந்தேகப்படுற ஆள்தான் சிஸ்டர் பேஷண்ட் பக்கத்துல நிக்கணும்" என்று என்னையே அங்கே நிறுத்திவிட்டார்.

போன வாரம் பொம்மையை வைத்துப் பயிற்சி. பெட்டிக்குள்ளிருந்து டாக்டர் அனம், "மூணாவது கை ஃப்ரீயா இருக்கா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் காத்திருந்தார். நான் இன்னும் அழுத்தமாகத் தலையாட்டினேன். முகக்கவசத்துக்குள் இருபத்தைந்து வருடம் வாழ்ந்தவளுக்குத் தலைதான் நாக்கு. அறையில் எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் துவாஸ் கப்பல் பட்டறையில் நாற்பது மீட்டர் உயரத்தில் கிரேன் ஓட்டுகிறீர்கள். கப்பலின் வயிற்றுக்குள் இறக்கும் பொருள் உங்கள் கண்ணுக்குத் தெரியாது என்று ஒருமுறை சொன்னீர்கள். கீழே நிற்பவரிடம் நீங்கள் எதை எதிர்பார்ப்பீர்கள்? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

தங்கை
உமா

*

கிளமெண்டி
30 மார்ச் 2025

உமாவுக்கு,

கேட்டதுக்கு மட்டும் பதில்.

தலையாட்டுறது எனக்குப் பிரயோஜனம் இல்ல. மேலருந்து பாத்தா எல்லாருக்கும் ஹெல்மெட்தான் தெரியும்.

சாமான் கண்ணுக்கு மறைஞ்சதுக்கப்புறம் கீழ நிக்கிற சிக்னல்மேன் வாக்கிடாக்கில பேசிக்கிட்டே இருக்கணும். இறக்கு இறக்கு இறக்குன்னு ஒரே தாளமா. ஒண்ணும் நடக்கலேன்னாலும் பேசணும். குரல் நின்னா என் கை நிக்கும். ஏன் நின்னுச்சுன்னு நான் யோசிக்க மாட்டேன், முதல்ல நிறுத்துவேன். பேட்டரி போயிருக்கலாம், ஆளே விழுந்திருக்கலாம்.

"சரி"ன்னு சொல்றவனை நான் வச்சுக்க மாட்டேன். எது சரி? இடது பக்கம் அரை மீட்டர் இருக்குன்னு சொல்லு. அவன் சொன்னதை நான் திருப்பிச் சொல்வேன். நான் சொன்னது தப்புன்னா அவன் கத்துவான். மரியாதை எல்லாம் கீழ இறங்குனப்புறம், டீ குடிக்கும்போது.

பேசுறது ஒருத்தன்தான். நாலு பேர் பேசுனா அது சந்தை. ஆனா "நிறுத்து"ங்கிறதை மட்டும் யார் வேணும்னாலும் சொல்லலாம். கூட்டுற ஆள் சொன்னாலும் நிறுத்துவேன். தேவையில்லாம சொல்லிட்டான்னு யாரையும் திட்டக் கூடாது. ஒருதடவை திட்டிட்டா அடுத்ததடவை வாயத் திறக்க மாட்டான்.

என் சிக்னல்மேன் முத்துசாமி, மன்னார்குடிப் பக்கம். பதினோரு வருஷமா அவன் குரல்தான் எனக்குக் கண்ணு. முகத்தை அப்பப்ப மறந்துருவேன்.

கதிரேசன்

*

சிராங்கூன்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். பிறகு அதை ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக எழுதி, டாக்டர் அனமிடம் கொடுத்தேன். "இதை எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். "என் அண்ணன் துவாஸில் கிரேன் ஓட்டுகிறார்" என்றேன். இரண்டாம் முறை வாசித்துவிட்டு, "அவரைக் கூட்டிட்டு வந்து எங்களுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லலாமா?" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

இதுவரை ஐந்து பேருக்குச் செய்துவிட்டோம். உண்மையைச் சொல்கிறேன், முதல் அறுவைக்கு இரண்டு மணி இருபது நிமிடம் ஆனது. வழக்கமான முறையில் முக்கால் மணி நேரம். என் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு பின்னிணைப்பு கிடைத்தது என்று மனதுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் எழுதி வைத்தேன்.

பேசிக்கொண்டே இருப்பது எனக்குக் கொடுமையாக இருந்தது. வீட்டில் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவே, "இவ பேசுறதுக்கு அஞ்சல்தலை ஒட்டணும் போல" என்பார். இப்போது நான் அறையில் ஓயாமல், "இரண்டாவது கை வெளியே வருகிறது, வந்துவிட்டது, கத்தரி உள்ளே போகிறது, நோயாளியின் தோள்பட்டைக்கும் இயந்திரக் கைக்கும் நடுவே ஒரு சாண் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் அனம் பெட்டிக்குள்ளிருந்து திருப்பிச் சொல்கிறார். முதல் நாள் என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. வீட்டுக்கு வந்து வெந்நீர் குடித்தேன்.

நான்காவது அறுவையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் அறையில் நடேசன் என்று ஓர் உதவியாளர். அறுபது வயது. நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருவது, கட்டிலைத் திருப்புவது அவர் வேலை. மருத்துவர்களிடம் "குட் மார்னிங்" தவிர எதுவும் பேசி நான் பார்த்ததில்லை. அன்று என் கண் திரையில் இருந்தது. கால்மாட்டிலிருந்து, "நிறுத்து" என்று ஒரு குரல். தமிழிலேயே. டாக்டர் அனமுக்கு அந்த ஒரு தமிழ்ச் சொல்லை மட்டும் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் கைகள் அப்படியே நின்றன. போர்வைக்குக் கீழே நோயாளியின் முழங்கைக்கும் இயந்திரத்தின் கைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தால் எலும்பை அழுத்தியிருக்கும்.

கட்டிலை நகர்த்திவிட்டுத் தொடர்ந்தோம். முடிந்ததும் டாக்டர் அனம் நேராக நடேசனிடம் போய் நன்றி சொன்னார். அவர் என்னிடம் வந்து, "சிஸ்டர், பதினெட்டு வருஷமா வாய்க்குள்ளயே வச்சிருந்த வார்த்தை லா அது" என்றார்.

அந்த முழங்கைக்காரர் ஒரு டாக்சி ஓட்டுநர். மறுநாள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனார். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை
உமா

*

கிளமெண்டி
4 மே 2025

அன்புள்ள உமாவுக்கு,

உன் கடுதாசியை டீ டைம்ல முத்துசாமிக்குப் படிச்சுக் காட்டினேன். "அண்ணே, டாக்டருக்கே நாம சொல்லிக் குடுத்துட்டமே, சம்பளத்தை ஏத்தச் சொல்லுங்க"ன்னான். இப்ப கேண்டீன்ல எல்லார்கிட்டயும் தான் பாதி டாக்டர்னு சொல்லிக்கிட்டுத் திரியறான். ஒருத்தன் வந்து மூட்டுவலிக்கு மருந்து கேட்டுட்டுப் போனான்.

நடேசன்கிட்ட நான் விசாரிச்சதாச் சொல்லு. நிறுத்துன ஆளை எனக்குப் பிடிக்கும்.

உன் அண்ணி ஒண்ணு எழுதச் சொல்றா. எழுதலேன்னா அவளே உனக்குப் போன் பண்ணுவாளாம். எனக்கு ரெண்டு மாசமா வயித்துல காஸ். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வலது விலாவுக்குக் கீழ பிடிக்கும். முதுகு வழியாத் தோள்பட்டை வரைக்கும் ஏறும். அரை மணி, ஒரு மணி நேரத்துல விட்டுரும். இஞ்சிச் சாறு குடிக்கிறேன். பரோட்டா சாப்பிடறதாலன்னு அவ சொல்றா. அவ எல்லாத்துக்கும் பரோட்டாவைத்தான் சொல்லுவா.

இன்னொண்ணு. எழுதலாமா வேணாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். காரணம் உங்களுக்குத் தெரியும்னு முதல் கடுதாசில எழுதியிருந்தே. தெரியும். ஆனா நீ எழுதலையே. நாலு வருஷம் ஆகப்போகுது. உங்க மருத்துவமனை லிஃப்ட் பக்கத்துல நின்னு "அப்பா தேறிருவாரா?"ன்னு கேட்டேன். நீ தலையாட்டுனே. நான் வேலைக்குப் போனேன். ரெண்டு மணிக்கு அவர் போயிட்டார். நான் அப்ப மேல, கப்பலுக்குள்ள இன்ஜின் இறக்கிக்கிட்டிருந்தேன். போன் லாக்கர்ல. கீழ இறங்கி அஞ்சு மணிக்குத்தான் தெரியும்.

அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம்னு வாக்கியமா எழுது.

கதிரேசன்

*

சிராங்கூன்
6 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வாக்கியமாகவே எழுதுகிறேன்.

அப்பா பிழைக்க மாட்டார் என்று எனக்கு அன்று காலை ஏழரை மணிக்கே தெரியும். நெஞ்சுப் படத்தைப் பார்த்திருந்தேன். நீங்கள் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள். அன்று பெரிய பாரம் இறக்க வேண்டும் என்று முதல் நாள் சொல்லியிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால் அதே நினைப்போடு மேலே ஏறிவிடுவீர்களோ என்று நினைத்தேன். இது நான் பிறகு எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். பொய்யில்லை, ஆனால் முழுவதும் இல்லை. முழுக் காரணம், "மாட்டார்" என்ற சொல்லை என் வாயால் சொன்னால் அது நடந்துவிடும் என்று பயந்தேன். படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று கேட்காதீர்கள். நினைத்தேன். தலையை ஆட்டினேன். நீங்கள் ஆமாம் என்று எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரிந்தே ஆட்டினேன்.

அப்பாவின் கடைசி ஆறு மணி நேரத்தை உங்களிடமிருந்து நான் எடுத்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள். அவருடைய திதிக்கு நீங்கள் காலையில் கோவிலுக்கு வருவீர்கள் என்பதால் நான் மாலையில் போகிறேன். மூன்று வருடமாக அர்ச்சகர், "காலையிலதானே இதே பேருக்குப் பண்ணேன்" என்கிறார்.

இப்போது இரண்டாவது விஷயம். உங்களுக்கு இருப்பது காஸ் இல்லை. பித்தப்பையில் கல் இருக்க வேண்டும். இஞ்சிச் சாறு கல்லை ஒன்றும் செய்யாது. நாளைக்கே பாலிகிளினிக்குக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாற்பது மீட்டர் உயரத்தில் இந்த வலி வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

இந்த முறை பரோட்டா விஷயத்தில் அண்ணி சொல்வது சரி.

உமா

*

கிளமெண்டி
8 ஜூன் 2025

அன்புள்ள உமாவுக்கு,

உன் கடுதாசி வந்த அன்னிக்கு நான் பதில் எழுதல. படிச்சேன். மடிச்சு வேலைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன். அது போதும்.

நீ சொன்னதுதான். ஸ்கேன்ல கல்லு நிறைய இருக்கு, சின்னச் சின்னதா. அதுக்குள்ள காய்ச்சல் வேற வந்து அஞ்சு நாள் படுத்துட்டேன். பித்தப்பை வீங்கியிருந்துச்சாம், ஊசி போட்டு அடக்கியிருக்காங்க. போன வருஷம் ஒருதடவை இப்படி வந்து ஃப்ளூன்னு நினைச்சேனே, அதுவும் இதுதானாம். இப்ப எடுத்தே ஆகணும்னு சொல்றாங்க. கம்பெனி டாக்டர் என்னைக் கிரேன்ல ஏத்த மாட்டேன்னுட்டார். எடுத்துட்டு வந்து சர்ட்டிபிகேட் காட்டணும். ஸ்டோர்ல உக்காந்து கையுறை குடுத்துக்கிட்டிருக்கேன். முத்துசாமி வேற ஆளுக்குச் சிக்னல் குடுக்கிறான். பாக்கவே எரிச்சலா இருக்கு.

அனுப்புன இடம் எது தெரியுமா? உன் மருத்துவமனை. பாத்தது யார் தெரியுமா? டாக்டர் அனம். பேரைப் பாத்துட்டு, "துவாஸ் கிரேன் கதிரேசனா?"ன்னு எந்திரிச்சு நின்னாங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு. பக்கத்துல உன் அண்ணி மோகனப்பிரியா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா.

பழைய முறையிலயும் பண்ணலாம், மெஷின்லயும் பண்ணலாம், நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கன்னாங்க. நல்லாத்தான் விளக்குனாங்க. ஆனா திரும்பி வர்றப்ப அதே லிஃப்டு. அப்பா மேல போனாரு, வரல. மயக்கம் குடுத்துட்டா நான் இல்ல உமா. நான் இல்லாத இடத்துல யார் யாருக்குச் சொல்லி யார் நிறுத்துவாங்க? மேல உக்காந்து ஓட்டுறவனுக்கு இந்தப் பயம் வரக் கூடாது. வருது.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தலையாட்டாமச் சொல்லு. மெஷின்ல பண்ணிக்கலாமா?

அண்ணன்
கதிரேசன்

*

சிராங்கூன்
10 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பித்தப்பைக்கு ரோபோதான் சிறந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. தெரியாது. நான் வாசித்த கட்டுரைகள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. பழகிய கையில் இரண்டு முறையும் பாதுகாப்பானவைதான்.

தெரிந்ததைச் சொல்கிறேன். இதுவரை பதினேழு பேருக்குச் செய்திருக்கிறோம். யாருக்கும் கெடுதல் இல்லை. இப்போது சராசரியாக ஒரு மணி நேரம் ஆகிறது. ஒருவருக்கு மட்டும் பாதியில் இயந்திரத்தை விலக்கிவிட்டுப் பழைய முறையில் முடித்தோம். அவரும் நலம். உங்கள் பித்தப்பை இரண்டு முறை வீங்கியது. அதனால் கல்லீரலோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி ஒட்டிய இடத்தில் மணிக்கட்டு போல வளையும் கருவி எனக்குப் பிடித்திருக்கிறது. கல்லீரலிலிருந்து இறங்கும் பித்தக்குழாயை வெட்டிவிடாமல் இருப்பதுதான் இந்த அறுவையின் உயிர்நாடி. உடம்பில் ஒரு சாயத்தை ஏற்றினால் அந்தக் குழாய் திரையில் பச்சையாக ஒளிர்கிறது. இந்த வசதி பழைய முறையிலும் உண்டு. இயந்திரத்துக்காக நான் வாதாடவில்லை என்று தெரிய வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். அப்படியும் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம். நூற்றில் சிலருக்கு வரும். உங்களுக்கு வராது என்று சொல்ல மாட்டேன்.

அன்று நான் உங்கள் பக்கத்தில் நிற்க முடியாது. உறவினர் என்றால் விலகி நிற்பது எங்கள் வழக்கம். அது நல்ல வழக்கம்தான். தமன்னா என்ற தாதி நிற்பாள். முப்பத்திரண்டு வயது, குரல் கணீர் என்றிருக்கும். ஆறு அறுவைகளில் பேசியிருக்கிறாள். ஒருமுறை டாக்டர் அனமையே, "நீங்க திருப்பிச் சொல்லலை, திருப்பிச் சொல்லுங்க" என்று அதட்டினாள். நடேசனும் இருப்பார். உங்கள் அறுவை என்று தெரிந்ததும் தன் விடுப்பை மாற்றிக்கொண்டார்.

நீங்கள் இல்லாத இடத்தில் யார் நிறுத்துவார்கள் என்று கேட்டீர்கள். அந்த அறையில் இருக்கும் ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் நிறுத்துவார்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

எந்த முறை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எதைச் சொன்னாலும் சண்டை போட மாட்டேன்.

உமா

*

கிளமெண்டி
15 ஜூன் 2025

அன்புள்ள உமா,

மெஷின்லயே பண்ணட்டும். தெரியாதுன்னு எழுதினியே, அதுக்காக. அன்னிக்கும் லிஃப்ட்கிட்ட தெரியாதுன்னாவது சொல்லியிருந்தா நான் ஹெல்மெட்டை அங்கயே வச்சுட்டு உக்காந்திருப்பேன். வேற ஆள் ஏறியிருப்பான். முடிஞ்சது. அதை இனிமே எழுத மாட்டேன், நீயும் எழுதாதே.

தேதி குடுத்துட்டாங்க. ஜூலை மூணு, வியாழக்கிழமை, காலையில முதல் ஆளு.

ஒரு நிபந்தனை. மயக்கத்துல இருக்கப்ப என்ன நடந்துச்சுன்னு எனக்கு எழுதணும். மோகனாகிட்டச் சொன்னா நடுவுல அழுகை, சாமி எல்லாம் சேத்துருவா. நீ எழுது. நேரத்தைப் போட்டு எழுது. நல்லது மட்டும் எழுதாதே.

அப்புறம், ஆகஸ்டுல அப்பா திதிக்குக் காலையிலயே வா. அர்ச்சகருக்கும் ஒரு வேலை குறையும்.

அண்ணன்

*

சிராங்கூன்
2 ஜூலை 2025, புதன், மாலை

அன்புள்ள அண்ணனுக்கு,

நாளைக்கு எழுத வேண்டிய கடிதத்தை இன்றே தொடங்கி வைக்கிறேன். உங்கள் நிபந்தனைக்காக ஒரு புது நோட்டு வாங்கினேன். சிராங்கூன் சாலைக் கடையில் அதைக் கொடுத்த பெண், "பரீட்சையாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

குழு நேற்றுக் கூடியது. இருபதாவது அறுவை போன வாரமே முடிந்துவிட்டது. முதலில் என்னுடைய ஒன்றரைப் பக்கத்தை எடுத்து வைத்து, "இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அதில் எழுதிய எதையும் நான் திரும்பப் பெறவில்லை. நேரம் இன்னும் கொஞ்சம் அதிகம், செலவு அதிகம், பலன் எல்லாருக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் இந்த இருபது அறுவைகளில் எங்கள் அறை பேசக் கற்றுக்கொண்டது, அதில் மூன்று முறை "நிறுத்து" என்ற சொல் ஒரு தீங்கைத் தடுத்தது, அதனால் தொடரலாம் என்றேன். நீங்கள் எழுதிய விதிகளை மற்ற அறுவை அறைகளிலும், ரோபோ இல்லாத அறைகளிலும்கூட வைக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டுக்கும் சம்மதித்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து எல்லா அறைச் சுவர்களிலும் அந்த விதிகள் எழுதிய தாள் இருக்கும். எங்கிருந்து வந்தது என்ற வரியை எடுத்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். டாக்டர் அனம் முடியாது என்றார். "துவாஸ் கப்பல் பட்டறை, கிரேன் ஓட்டுநர் கதிரேசன், சிக்னல்மேன் முத்துசாமி" என்று அடியில் அச்சாகும். முத்துசாமியிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். கேண்டீன் தாங்காது.

நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. இதையும் வாக்கியமாகவே எழுதுகிறேன்.

*

3 ஜூலை, வியாழன்

7.10: உங்களை நடேசன் தள்ளிக்கொண்டு வந்தார். லிஃப்டில் நானும் ஏறினேன். நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நடேசனிடம், "நீங்கதானே நிறுத்துனது?" என்று கேட்டீர்கள். "ஆமா அண்ணே" என்றார். "நல்லது" என்றீர்கள். கதவு வரை வந்தேன். அதற்கு மேல் வரவில்லை.

8.05: உங்களுக்கு மயக்கம் கொடுத்தாகிவிட்டது. அண்ணியும் நானும் காத்திருப்புப் பகுதியில் உட்கார்ந்தோம். இருபத்தைந்து வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்காருவது இரண்டாவது முறை. அண்ணி சாமி கும்பிட்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையை மூன்று மொழிகளில் வாசித்தேன்.

8.40: பித்தப்பை நான் நினைத்ததைவிட மோசமாக ஒட்டியிருந்தது. கல்லீரல் ஓரத்தில் கொஞ்சம் ரத்தம் கசிந்தது. தமன்னா பிறகு சொன்னாள். அடக்க நான்கு நிமிடம் ஆனது. நல்லது மட்டும் எழுத வேண்டாம் என்றீர்கள், அதனால் எழுதுகிறேன்.

9.02: மயக்க மருத்துவர், "நிறுத்து" என்றார். உங்கள் ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. எல்லாரும் கையை நிறுத்தினார்கள். வயிற்றுக்குள் ஏற்றியிருந்த காற்றைக் குறைத்ததும் இரண்டு நிமிடத்தில் அழுத்தம் சரியானது. ஆறு மாதத்துக்கு முன்பு அவர் இதைத் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு மருந்தைத் தேடியிருப்பார்.

9.15: பித்தக்குழாய் பச்சையாகத் தெரிந்தது. தமன்னா சத்தமாக, "பித்தப்பைக்குள் போவது இரண்டு, ஒரு குழாய், ஒரு ரத்தநாளம், இரண்டு மட்டும்" என்றாள். டாக்டர் அனம் திருப்பிச் சொன்னார். அறையில் இருந்த எல்லாரும் திரையைப் பார்த்து ஆளுக்கொரு முறை சொன்ன பிறகுதான் அந்த இரண்டையும் அடைத்து வெட்டக் கிளிப் போட்டார்கள். நான்காவது ஆளாகச் சொன்னது நடேசன்.

9.38: எடுத்தாகிவிட்டது. வயிற்றைத் திறக்க வேண்டி வரவில்லை. கல் முப்பத்தொன்று. நீங்கள் கேட்பீர்கள் என்று ஒரு புட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

9.50: டாக்டர் அனம் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டப் போனார், நிறுத்திக்கொண்டார். "சிஸ்டர், பித்தப்பை வெளியே. பித்தக்குழாய் பத்திரம். உங்க அண்ணன் நல்லா இருக்கார்" என்றார். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் நின்றுவிட்டது. அவர் காத்திருந்தார். சொல்லி முடித்தேன். அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதார். அதைச் சேர்க்க வேண்டாம் என்றீர்கள், நடந்தது.

10.30: விழிப்பு அறை. நீங்கள் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா?" என்றீர்கள். நான் நேரம், ரத்தம், கல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். தமன்னா, "அங்கிள், இங்க தலையாட்டக் கூடாது, வாயத் திறந்து சொல்லுங்க" என்றாள். "கேட்டுச்சு" என்றீர்கள். பிறகு தூங்கிவிட்டீர்கள். இது உங்களுக்கு நினைவிருக்காது.

மாலை 5.20: என் அலுவலகத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். தொலைபேசி ஒலித்தது. திரையில், இத்தனை வருடம் கழித்து, உங்கள் பெயர். எனக்கு இரண்டு மாடி மேலேதான் படுத்திருந்தீர்கள், அண்ணியை அனுப்பியிருக்கலாம். எடுத்தேன்.

"உமா, கேக்குதா?"

"கேக்குது அண்ணே. தெளிவாக் கேக்குது."

"கஞ்சி குடுத்திருக்காங்க. உப்பு இல்ல. வரும்போது ஊறுகாய் எடுத்துட்டு வா."

ஊறுகாய் கூடாது என்றேன். ஏன் கூடாது என்று கேட்டீர்கள். சொல்லிக்கொண்டே படியேறி வந்தேன். வார்டு வாசலுக்கு வரும்வரை இரண்டு பேரும் தொலைபேசியை வைக்கவில்லை.

உமா